கடைசி ரீல் வராத படம்

அந்த லேப்டாப்பை இப்பத் திறக்காதீங்கம்மா. மடியிலேயே இருக்கட்டும். இத்தனை வருஷம் பார்க்காத முடிவு. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்காம இருந்தா குடி ஒண்ணும் முழுகிடாது. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு உங்க சங்கத்துல போய்ச் சொல்லுங்க.

என்ன சொன்னீங்க? உங்க பிலிம் சொசைட்டியில ரெண்டு படத்தையும் ஒரே நாள்ல போடறீங்க. காலையில அந்த வெள்ளைக்காரன் படம், சாயங்காலம் நம்ம 'பத்தினி வேஷம்'. நடுவுல என்னை மேடையில ஏத்தி, 'இந்தப் படத்துக்கு உண்மையிலேயே கதை எழுதினவர் இந்தத் தணிகாசலம்தான்'னு சொல்லப் போறீங்க. சொல்லணும்மா. சொல்லித்தான் ஆகணும். அறுபது வருஷமா டைட்டில்ல 'கதை: நாச்சிமுத்து'ன்னு ஓடிக்கிட்டிருக்கு. நாச்சிமுத்து யாரு? படம் எடுத்த முதலாளி. அந்தாளுக்குக் கையெழுத்துப் போடறதே பெரிய கண்டம். அவர் கதை எழுதினாராம். கேக்கறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னுதானே சொல்லுவான்.

சிரிக்கிறீங்க. தெரியும், ஏன் சிரிக்கிறீங்கன்னு. 'நீங்களும் வெள்ளைக்காரன்கிட்ட சுட்டதுதானே பெரியவரே'ன்னு மனசுல ஓடுது. ஆமா, எடுத்தோம். எடுக்கறது வேற, திருடறது வேற. அரிசி அவனோடது, சமைச்சது நான். அந்தப் படங்களைப் பார்த்திருந்தா நீங்க சிரிக்க மாட்டீங்க.

அதெல்லாம் பெரிய படமே இல்லம்மா. அவங்க ஊர்ல பெரிய படத்துக்கு முன்னாடி, கூட்டத்தை உட்கார வைக்கறதுக்குன்னு எடுத்த துக்கடாப் படங்க. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை. ஒரு ரூம், ஒரு மாடிப்படி, ஒரு டெலிபோன். போன வாரம் வக்கீல் வீடா இருந்த அதே மாடிப்படி, இந்த வாரம் டாக்டர் வீடா இருக்கும். செலவு பண்ண வழியில்லைன்னா செட்டுல பனிப்புகையை விட்டுருவான். பனிக்குள்ள லண்டன் இருக்குன்னு நாமளா நினைச்சுக்கணும். எல்லாப் படத்துலயும் ஒரு இன்ஸ்பெக்டர் நனைஞ்ச ரெயின்கோட்டோட வந்து கதவைத் தட்டுவான். தொப்பியைக் கழட்டுவான். 'உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்'பான். அவ்வளவு மரியாதையா வந்தான்னா யாரோ ஒருத்தருக்குத் தூக்குன்னு அர்த்தம்.

மதராஸ்ல இதை ஞாயித்துக்கிழமை காலைக் காட்சியா போடுவாங்க. அங்கதான் நானும் ஜெயசீலனும் போவோம். ஜெயசீலன் நாசரேத்துக்காரன். பி.ஏ. இங்கிலீஷ். அவனுக்குப் பாஷை தெரியும், கதை சொல்லத் தெரியாது. எனக்குக் கதை தெரியும், பாஷை தெரியாது. நொண்டியும் குருடனும் சேர்ந்த மாதிரி ஒரு கூட்டு. இருட்டுல என் காதோரமா மெதுவாச் சொல்லிக்கிட்டே வருவான்: 'இப்ப அவன் பொய் சொல்லுதான் அண்ணாச்சி', 'இவ நம்பல அண்ணாச்சி.' நான் திரையைப் பார்த்துக்கிட்டே மனசுக்குள்ள மாத்திடுவேன். லண்டன்னா ஊட்டி. ரெயின்கோட்டுன்னா கம்பளிச் சால்வை. ஒரு மணி நேரத்தை மூணு மணி நேரமா இழுக்கணுமே. அதுக்கு ஒரு அம்மா, கல்யாணமாகாத ஒரு தங்கச்சி, சமையல்காரன் காமெடி, ஆறு பாட்டு. படம் விட்டு வந்ததும் நேரா எங்க வீடு. அங்க உட்கார்ந்து ஜெயசீலனுக்கு ஒரு தடவை கதையைச் சொல்லிப் பார்த்துட்டு, சாயங்காலம் முதலாளிகிட்ட சொல்லுவேன். கதை சொல்றதுன்னா சும்மா சொல்றதில்லைம்மா. எழுந்து நின்னு, நடிச்சு, அழுது, கதவைச் சாத்திக் காட்டி... முதலாளி கையில இருக்கற சிகரெட் அப்படியே கருகணும். அப்பத்தான் அது கதை.

எங்க வீட்டுல லோகா இருப்பா. லோகநாயகி. என் சம்சாரம்.

அவளைப் பத்திக் கேக்காதீங்க. நானே சொல்றேன். சொல்லாம இந்தக் கதை நகராது.

நாங்க ஹால்ல உட்கார்ந்து கதை பேசறப்போ அவ சமையல்கட்டு வாசல்ல நின்னு கேப்பா. காபி கொண்டு வருவா. ஜெயசீலன் ஏதாவது சொல்லுவான், அவ புறங்கையால வாயை மூடிக்கிட்டுச் சிரிப்பா. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் சிரிப்பா, ஏதோ வேலைக்குப் போற மாதிரி. அவன் அவளை 'மதினி'ம்பான். அவ அவனை 'தம்பி'ம்பா. 'தம்பி, அந்த இங்கிலீஷ்காரி ஏன் வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டிருக்கா?' இப்படி ஏதாவது கேப்பா. 'எனக்கும் ஒரு படம் காட்டுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. என்கிட்ட கேக்கலாம் இல்ல? அவன்கிட்ட கேட்டா.

இதுல என்ன தப்புன்னு உங்க மூஞ்சி கேக்குது. உங்களுக்கு வயசு பத்தாதும்மா. வாரா வாரம் அந்தப் படங்களைப் பார்த்தவன் நான். அதுல தப்புன்னு எதுவும் தப்பா வராது. சாதாரணமாத்தான் வரும். சிங்க்ல ரெண்டு கோப்பை இருக்கும், வீட்டுல ஒருத்திதான் இருந்திருப்பா. இன்ஸ்பெக்டர் பார்ப்பான், ஒண்ணும் சொல்ல மாட்டான். நமக்குச் சுருக்குனு இருக்கும். அந்தப் பழக்கம் நமக்கும் வந்துருச்சு. ஒரு நாள் ஸ்டுடியோவுல இருந்து சீக்கிரமா வர்றேன். முற்றத்துல கழுவாத டம்ளர் ரெண்டு. 'யார் வந்தா?'ன்னு கேட்டேன். 'தம்பி வந்துது, நீங்க இல்லைன்னு போயிடுச்சு'ன்னா. காபி குடிச்சிட்டுப் போயிருக்கான். அது ஒரு டம்ளர். ரெண்டாவது? 'நான் குடிச்சது'ன்னா. எப்படிப் பதில், பார்த்தீங்களா? கேக்கறதுக்கு முன்னாடியே தயாரா இருந்த மாதிரி. அன்னிலேருந்து நான் வீட்டுக்குள்ள வரும்போது முதல்ல முற்றத்தைத்தான் பார்ப்பேன்.

சரி, படத்துக்கு வர்றேன். இப்ப நீங்க மடியில வச்சிருக்கற படம்.

லண்டனுக்கு வெளியில ஒரு மருந்துக்கடைக்காரன். அவனுக்கு நாளுக்கு நாள் உடம்பு மெலியுது. யாரோ அவனுக்குக் கொஞ்சங் கொஞ்சமா விஷம் கொடுக்கறாங்க. வீட்டுல பொண்டாட்டி. சதுரங்கம் ஆட வர்ற சிநேகிதன் ஒருத்தன். வேற யாரும் கிடையாது. பொண்டாட்டி நல்லவ மாதிரி இருக்கா. சிநேகிதனும் நல்லவன் மாதிரி இருக்கான். மருந்துக்கடைக்காரன் செத்துப் போறான். ரெயின்கோட்டு வந்து கதவைத் தட்டறான். அவ சிங்க்ல கோப்பையைக் கழுவிக்கிட்டிருக்கா. திரும்பிப் பார்க்கறா. பொட்டுனு படம் நின்னு போச்சு.

கரண்ட் கட் இல்லம்மா. ரீல் வரலை. அப்பெல்லாம் ஒரே பிரிண்ட்டை ரெண்டு தியேட்டர்ல ஓட்டுவாங்க. அங்க முதல் ரீல் முடிஞ்சதும் சைக்கிள்ல கட்டி இங்க அனுப்புவான், அப்புறம் ரெண்டாவது ரீல். இப்படியே போகும். அன்னிக்கு ஐப்பசி மழை. புரசவாக்கத்துல இடுப்பளவு தண்ணி. சைக்கிள்காரன் வந்தா வருவான், வராட்டி தண்ணியிலதான் தேடணும். விசிலு, கூச்சல், நாற்காலி உடையற சத்தம். கடைசியில 'மன்னிக்கவும்'னு சிலைடு போட்டுட்டான்.

ஜெயசீலன் சொன்னான்: 'இதே டிக்கெட்டுக்கு நாளைக்கு மறுபடியும் போடுவான் அண்ணாச்சி. பாத்துட்டு முதலாளிகிட்ட சொல்லுவோம்.' நாளைக்கா? முதலாளி அன்னிக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் போறாரு. போறதுக்குள்ள அவருக்குக் கதை வேணும். இல்லைன்னா வாசல்ல இன்னும் நாலு பேர் கதையோட நிக்கறான். 'எனக்கு முடிவு தெரியும், நீ வீட்டுக்குப் போ'ன்னுட்டேன்.

தெரியும்மா. சத்தியமா எனக்குத் தெரிஞ்சுது. மழையில நடந்து வர்றேன், அந்த முடிவு தானா வந்து என் முன்னாடி நிக்குது. பொண்டாட்டிதான். பொண்டாட்டியும் சிநேகிதனும் சேர்ந்துதான். சாயங்காலம் முதலாளி வீட்டுல நின்னு சொன்னேன். விஷத்தைக் காபியில வச்சேன். முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, புறங்கையால வாயை மூடிச் சிரிச்சுக்கிட்டே, புருஷன் கையில டம்ளரைக் கொடுக்கறா. சிநேகிதனை அவ எப்படிக் கூப்பிடறா? 'தம்பி'ன்னு. 'தம்பி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே... முதலாளிக்கு சிகரெட் விரலைச் சுட்டுடுச்சு. 'அடப்பாவி, பொம்பளையா இவ'ன்னு எழுந்து நின்னுட்டாரு. கதை ஓகே.

இதைத்தான் நல்லாக் குறிச்சுக்கணும் நீங்க. பனி அவனோடது. மருந்துக்கடை அவனோடது. இன்ஸ்பெக்டர் அவனோடது. ஆனா அந்த முடிவு இருக்கு பாருங்க, அது என்னுது. யார்கிட்டயும் வாங்கலை. யாரும் சொல்லிக் கொடுக்கலை. என் வாழ்நாள்ல முழுசா நான் உண்டாக்கினது அது ஒண்ணுதான். அதுல போய் அந்தாளு பேரைப் போட்டுக்கிட்டாரு. வயிறு எரியாதா?

ரெண்டு நாள் கழிச்சு ஜெயசீலன் வந்தான். வீட்டுக்குள்ள வரலை. வாசல்லயே நின்னான். 'மிச்சத்தைப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி. முடிவு வேறயாக்கும். அந்தப் பொம்பள ஒண்ணும் செய்யல. தயவுசெஞ்சு மாத்திருங்க'ன்னான். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. நான் சொன்ன கதையை ஸ்டுடியோவுல யாரோ அவன்கிட்ட சொல்லியிருக்காங்க.

நீங்களே சொல்லுங்க. ஒரு வெள்ளைக்காரி குத்தம் பண்ணா இவனுக்கு என்ன, பண்ணாட்டி இவனுக்கு என்ன? அவளுக்காக இவன் ஏன் என் வாசல்ல வந்து நின்னு கெஞ்சணும்? எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் ஊர்ஜிதமாயிடுச்சு. 'எந்தப் பொம்பளைடா ஒண்ணும் செய்யல?'ன்னு கேட்டேன். அவன் என்னையே பார்த்தான். 'அண்ணாச்சி, அந்தப் புருஷன்தான்...'ன்னு ஏதோ ஆரம்பிச்சான். கதவைச் சாத்திட்டேன். உள்ள லோகா நின்னுக்கிட்டிருந்தா. 'தம்பியை ஏன் வாசல்லயே அனுப்பிட்டீங்க?'ன்னா. காபி கலந்து கையில வச்சிருந்தா. நான் அதைக் குடிக்கலை. அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறமும் அவ கையால காபி குடிக்கலை. ஏன்னு அவ கேட்டா. வயித்துக்கு ஆகலைன்னேன்.

படம் ஓடிச்சும்மா. ஓட்டம்னா ஓட்டம். அந்தப் பொண்டாட்டி பேரு படத்துல சுகுணா. ஊர்ல எந்தப் பொம்பளை கொஞ்சம் சிரிச்சுப் பேசினாலும், 'இவ சுகுணாடி'ம்பாங்க. ஜனங்க திரையைப் பார்த்துக் காறித் துப்பினாங்க. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேணும்?

ரிலீசுக்கு முன்னாடி ஸ்டுடியோவுல பிரிவ்யூ போட்டாங்க. படத்துல வேலை செஞ்சவங்க குடும்பமெல்லாம் வரும். லோகாவையும் கூட்டிட்டுப் போனேன். படம் பார்க்கணும் பார்க்கணும்னு உசிரை விட்டாளே, வரட்டும்னுதான். எடிட்டர் சம்சாரம், மேக்கப்மேன் சம்சாரம் எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து போனவங்க. சுகுணா முந்தானையைச் சொருகறா. புறங்கையால வாயை மூடிச் சிரிக்கறா. 'தம்பி'ங்கறா. முன் வரிசையில ஒரு தலை திரும்பிச்சு. அப்புறம் இன்னொரு தலை. இருட்டுல ஒவ்வொருத்தியா திரும்பித் திரும்பி லோகாவைப் பார்க்கறாங்க. அவ அசையலை. 'சுபம்' போடற வரைக்கும் அசையாம உட்கார்ந்திருந்தா.

ரிக்ஷாவுல வரும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'என் சிரிப்பை ஏன் அவளுக்குக் கொடுத்தீங்க?'

'எழுத்தாளன் கண்ணுல பட்டதை எழுதுவான்'னேன். நல்ல பதில்தானே?

அதுக்கப்புறம் அவ அந்த மாதிரி சிரிச்சு நான் பார்க்கலை. எந்த மாதிரியும் சிரிச்சுப் பார்க்கலை. படம் ரிலீசான வாரம் வாலாஜாப்பேட்டையில அவ அக்கா வீட்டுக்குப் போனா. போனவ போனவதான். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சரா இருந்தாளாம். தனியாவே இருந்தாளாம். நான் கூப்பிடப் போகலை. குத்தவாளியைத் தேடி போலீஸ் போகும், புருஷன் ஏன் போகணும்?

அதே மாசம் ஜெயசீலனும் போயிட்டான். நாசரேத்துக்கே. அங்க ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டு, பைபிள் மொழிபெயர்ப்பு அது இதுன்னு காலத்தை ஓட்டிட்டான். ஒரே மாசத்துல ரெண்டு பேரும்! அவ மேற்கே, அவன் தெற்கே. மத்தவங்க என்ன சொல்லுவாங்க? 'பாருய்யா, ரெண்டு பேரும் சேரலையே, அப்ப ஒண்ணும் இல்லை'ம்பாங்க. அது தெரியாதவன் பேச்சு. கைதேர்ந்தவங்க ஒண்ணாப் போக மாட்டாங்கம்மா. அதுதான் கைதேர்ந்த வேலை.

பல வருஷம் கழிச்சு, லோகா தவறிட்டான்னு தகவல் வந்துச்சு. போனேன். போகாம இருக்க முடியுமா? வாசல்ல நின்னேன். அவ பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க, வளர்ந்து கிழவங்களாயிட்டாங்க, அவங்க அழறாங்க. நான் கூட்டத்துல ஜெயசீலனைத் தேடினேன். கடைசி வரைக்கும் நின்னு தேடினேன். வரலை. ஒரு மாலைகூட அனுப்பலை. பார்த்தீங்களா? அங்ககூட ஒரு தடயம் விடலை அவன்.

அழலைம்மா. கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க.

சரி, இப்பத் திறங்க. கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் போடுங்க. முன்னாடி உள்ளதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதோ, இவன்தான் ரெயின்கோட்டு. கதவைத் தட்டறான். இதோ அவ. கோப்பையைக் கழுவறா. இங்கதான் நின்னுச்சு. சரியா இந்த இடத்துலதான். இவ்வளவு சின்னப் பொண்ணா இவ? எனக்கு அப்பப் பெரியவளாத் தெரிஞ்சா.

இப்ப என்ன பேசறாங்க? நீங்க சொல்லுங்க, என் காதுகிட்ட வந்து சொல்லுங்க. சிநேகிதனுக்கு ஒண்ணும் தெரியாதா? சரி. அவளுக்கும் தெரியாதா? அப்ப யாரு? மூணாவது ஆளே கிடையாதே இந்தப் படத்துல.

என்ன சொல்றீங்க?

நிறுத்துங்க. மறுபடி சொல்லுங்க. அவனேவா? மருந்துக்கடைக்காரன் தனக்குத் தானே வச்சுக்கிட்டானா? தினமும்? எதுக்கு? அவ மேல சந்தேகப்பட்டு... அவ தூக்குல தொங்கணும்னு இவன் விஷம் குடிச்சானா?

பைத்தியக்காரன்.

நம்ம ஊர்ல இது ஒரு நாள் ஓடாதும்மா. யாரு நம்புவா? ஒரு மனுஷன் தன் கையாலயே கலந்து, தானே குடிச்சு, அவளை மாட்டி விடறதுக்காக... வெள்ளைக்காரனுக்கு செலவு பண்ணப் பணம் இல்லை, வேற வில்லனை வைக்க வழியில்லை, அதான் இப்படி முடிச்சுட்டான். சும்மா முடிச்சுட்டான்.

இதைத்தான் அவன் வாசல்ல நின்னு சொல்ல வந்தானா.

போடுங்க, மிச்சத்தையும் போடுங்க. அவ கதவைத் திறக்கறா. தெருவுல இறங்கறா. பனி. அவ்வளவுதானா? எங்க போறா? காட்டலையே. இவ்வளவு தூரம் வந்துட்டு, அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னு காட்டாமலே விட்டுட்டானே பாவி.

மூடிடுங்கம்மா. மூடி உள்ள வச்சுடுங்க.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். விழாவுல நீங்க இந்தப் படத்தை அவ கோப்பையைக் கழுவற இடத்தோட நிறுத்திட முடியாதா? அன்னிக்கு நின்ன மாதிரியே? முடியாதா. ஆமா, வர்றவங்க முழுசாத்தான் பார்ப்பாங்க. பார்த்துட்டு சாயங்காலம் நம்ம படத்தையும் பார்ப்பாங்க. பார்த்துட்டு என் பக்கம் திரும்புவாங்க. ஒவ்வொரு தலையா திரும்பும்.

அப்ப ஒண்ணு பண்ணுங்க. நான் வரலை. என் பேரைச் சொல்ல வேண்டாம். முதலாளி பேருதானே டைட்டில்ல இருக்கு, அதுவே இருக்கட்டும். அந்த முடிவு யாருதுன்னு யாராவது கேட்டா, நாச்சிமுத்துவோடதுன்னு சொல்லிடுங்க.